கடைசியில் நடந்து வருபவர்

மலையேறும் கூட்டத்தில் அந்த அக்காவைத் தேட வேண்டுமென்றால் திரும்பிப் பின்னால்தான் பார்க்க வேண்டும். முன்னால் போகிறவர்கள் கைப்பேசியை நீட்டிப் படமெடுத்துக்கொண்டு போவார்கள். நடுவில் போகிறவர்கள் ஊர் நாயம் பேசிக்கொண்டு போவார்கள். எல்லோருக்கும் கடைசியில், மூச்சு வாங்க நின்றுவிட்ட யாரோ ஒருவருக்கு ஓரெட்டு பின்னால், நூல் சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக ஒருவர் வந்துகொண்டிருப்பார். அவர்தான்.

வடவள்ளிப் பக்கம் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தில் அவர் கீழ்த்தளத்தில் இருந்தார். கணவர் இல்லை. மகள் திருப்பூரில், மகன் சிங்கப்பூரில். ஐம்பது வயதைத் தாண்டியவர். சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போய் இறக்கிவிட்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் எங்களுக்கு. டீசல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு எங்காவது போவோம். பெரும்பாலும் அந்தக் கரட்டுக்கு.

நகரத்துக்கு மேற்கே, பெரிய மலைத்தொடரிலிருந்து கழன்று தனியாக நிற்கிற கரடு அது. உச்சியில் வட்டமாக ஒரு கல் கோபுரம் இருக்கிறது. பாளையக்காரர் காலத்தில் காவலுக்குக் கட்டியது என்று சிலர் சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் நிலம் அளக்கக் கட்டியது என்று சிலர். உள்ளே ஒருவர் மட்டும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஏறக்கூடிய சுழல்படி. மேலே இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். அங்கே நின்றால் கோவை முழுவதும் தெரியும். குளங்கள் கண்ணாடித் துண்டுகள் போல வரிசையாகக் கிடக்கும். மேம்பாலங்கள், ஓடாத மில்களின் புகைபோக்கிகள், பீளமேட்டில் இறங்குகிற விமானம். காற்று மட்டும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேரே வந்து முகத்தில் அறையும்.

நான் முதல்முறை போனபோது இதில் எதையும் பார்க்கவில்லை. அப்போது எனக்கு உடம்பு பெருத்துப் போயிருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவில்லை. பாதி ஏற்றத்திலேயே கால்கள் மறுத்துவிட்டன. என்னோடு வந்த பெண்கள் "நீங்க மெல்ல வாங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்கள். நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பக்கத்துப் பாறையில் அக்கா வந்து உட்கார்ந்தார்.

"நீங்க போங்கக்கா. எனக்காக நிக்க வேண்டாம்," என்றேன்.

"உங்களுக்காக யாருங் கண்ணு நின்னா? எனக்கு இந்தப் பாறை நல்லா இருக்குது."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் மூச்சுப் பயிற்சி சொல்லவில்லை. உடம்பைக் குறைக்க வழி சொல்லவில்லை. முடக்கத்தான் கீரையில் தோசை ஊற்றினால் ஏன் சிலருக்குக் கசக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார். மேலே போனவர்கள் இறங்கி வரும்வரை பேசினார். அன்று அவர் கோபுரத்தைப் பார்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

விசாரித்தால், அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம். எத்தனையோ பேரை அந்தக் கரட்டுக்குக் கூட்டிப் போனவர் கோபுரத்தின் மேல் ஏறியதே இல்லை. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் பாதியில் நின்றுவிடுவார்கள். அவரும் நின்றுவிடுவார்.

இதை அவர் ஒரு கொள்கை போலச் சொல்லிக்கொண்டு செய்ததில்லை. ஏன் என்று கேட்டால் வேளைக்கு ஒரு பதில் வரும். "வெசையா நடந்தா எனக்குப் பித்தம் ஏறும்" என்பார். "முன்னால போறவிங்க முதுகையே பாத்துட்டுப் போறதுல என்ன இருக்குதுங்க?" என்பார். ஒருநாள், "எனக்கு வேற என்னங் கண்ணு தெரியும்?" என்றார்.

கல்யாண வீடுகளில் அவரைக் கவனிக்க வேண்டும். பந்தியில் அடுத்த வரிசை முதுகுக்குப் பின்னால் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லோரும் அவசரமாக மோர்ச்சோற்றை விழுங்கி இலையை மடக்கி எழுந்துவிடுவார்கள். பல் இல்லாத ஒரு பாட்டியோ, கை நடுங்கும் ஒரு மாமாவோ பாதிச் சாப்பாட்டில் தனியே மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். அந்த வரிசையில் அக்கா இருந்தால் தன் இலையை மடக்கமாட்டார். சாப்பிட்டு முடித்திருப்பார். இருந்தாலும் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார். அதை விரலால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் கடைசிக் கவளம் உள்ளே போகும்வரை உட்கார்ந்திருப்பார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவது அவர் காதில் விழாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேன். "நல்லாக் கேக்குதுங் கண்ணு. அது அவிங்க பசி. நாம என்ன பண்றது?" என்றார்.

அதற்காக அவரை வேலையில் மந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய வேனில் ஒரு சிறுமி வருவாள். தினமும் அவள் தூங்கி எழுந்து கிளம்பும்வரை அந்த வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டியிருக்கும். மற்ற பெற்றோர் புகார் சொன்னார்கள். அக்கா அவளை விட்டுவிட்டும் போகவில்லை, பள்ளிக்குத் தாமதமாகவும் போகவில்லை. தான் கிளம்புகிற நேரத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். விடிவதற்கு முன்பே வேன் உறுமும் சத்தம் கேட்டு எங்கள் அடுக்ககம் முழுவதும் முனகியது. அந்தச் சிறுமி மட்டும் எப்போதும் போலத் தூங்கினாள்.

அவரால் எரிச்சலடைந்தவர்களில் அவருடைய மகளும் உண்டு. ஒருமுறை வந்திருந்தபோது, அக்கா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து என்னிடம் சொன்னாள்: "எனக்கு வலி வந்துருச்சுன்னு போன் பண்ணுனேங்க்கா. உடனே வாரேன்னாங்க. வழியில எவனோ ஒருத்தன் பைக்குல விழுந்து கெடந்தானாம். அவன ஆஸ்பத்திரில சேத்து, அவன் ஊட்டாளுக வர்றவரைக்கும் நின்னுட்டு வந்தாங்க. அதுக்குள்ள என்ற புள்ள பொறந்தாச்சு. நான் தனியாத்தான் கெடந்தேன்."

மகள் போன பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவே சொன்னார். "அவ சொல்லிருப்பா. தப்புத்தானுங் கண்ணு. அவளுக்கு அது ஆறாது." கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆனா நாளைக்கே அதே ரோட்டுல ஒருத்தன் விழுந்து கெடந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். அதுதான் எனக்கே பயமா இருக்குது."

அப்படி ஒரு குணம் வரம்தானா என்று நான் யோசித்தது அன்று ஒருநாள்தான். அதற்கான பதிலைக் கோபுரத்தில் பார்த்தேன்.

எங்கள் அடுக்ககத்தின் மேல்தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு பஞ்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விறைப்பான ஆள். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போதுகூட யாருக்கோ தாமதமாகிவிட்டதுபோல எட்டி எட்டி நடப்பார். அவருடைய மனைவி நாலெட்டு பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவார். அந்த அம்மா ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தார், பிறகு எழவில்லை. அதன் பிறகு பெரியவர் கதவைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. அக்காதான் இரண்டு மூன்று ஞாயிறுகள் போய்க் கதவைத் தட்டி, "சித்தெ வெளிய வாங்க, வண்டியில எடம் இருக்குது" என்று கூப்பிட்டார். ஒரு ஞாயிறு அவர் வந்தார். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் வந்து வேனின் முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டார்.

கரட்டில் அவர் எல்லோருக்கும் முன்னால் ஏறிப் போய்விட்டார். இந்த வயதில் என்ன வேகம் என்று எல்லோரும் வியந்தார்கள். நான் அப்போது முக்கால் ஏற்றம் வரை ஏறப் பழகியிருந்தேன். அக்கா வழக்கம்போல என் பின்னால்.

மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலத்துக்கு மேல் அங்கே யாரும் நிற்கக் கூடாது. யானை இறங்கும் தடம் அது. அடிவாரத்தில் வனக்காவலர் விசில் ஊதினார். மேலே இருந்தவர்கள் தடதடவென்று இறங்கி வந்து வேனில் ஏறினார்கள். தூறல் தொடங்கிவிட்டது. முன்னிருக்கை காலியாக இருந்தது.

"பெரியவர் எங்கீங்க?" என்றார் அக்கா.

யாருக்கும் தெரியவில்லை. கோபுரத்தில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இறங்கும்போது தாங்கள் கவனிக்கவில்லை என்றார்கள். அவருடைய கைப்பேசி அணைந்திருந்தது.

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் அவசரக்காரர். இரவு காந்திபுரத்தில் பெங்களூர் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர். "அவர் முன்னாலயே எறங்கி ஆட்டோ புடிச்சுப் போயிருப்பாருங்க. அவர் வேகம்தான் தெரியுமே. வண்டிய எடுங்க," என்றார்.

"போயிருந்தா சொல்லிட்டுப் போயிருப்பாருங்க."

"மழை வருதுங்க. பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க. சாவியக் குடுங்க, நான் இவிங்கள ஊட்டுல உட்டுட்டு வாரேன். நீங்க வேணுமின்னா நின்னு தேடுங்க."

அக்கா வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை. "வண்டி என்னுதுங்க. ஏறுன ஆளெல்லாம் வந்தாத்தான் வண்டி நகரும். கோவிச்சுக்காதீங்க."

உள்ளே இரண்டு மூன்று குரல்கள் உயர்ந்தன. அக்கா அதற்குள் வனக்காவலரிடம் போய்விட்டார். அவர் முதலில் முடியவே முடியாது என்றார். அக்கா ஏதோ சொன்னார். காவலர் தொப்பியைச் சரி செய்துகொண்டு கூட நடந்தார். நானும் இறங்கி அவர்கள் பின்னால் போனேன். "நீங்க வேண்டாங் கண்ணு, வழுக்கும்" என்றார். எனக்கு வேனில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முதல் வளைவைத் தாண்டியதும் ஒன்று நடந்தது. அக்கா வேகமெடுத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாறைக்குப் பாறை கையூன்றி, இளவட்டம் போலத் தாவினார். காவலரே பின்தங்கினார். நான் மூச்சிரைக்க நின்று பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் ஒருவரைப் பின்னால் விட்டுவிட்டுப் போனது அந்த ஒருமுறைதான். எனக்கு அதில் வருத்தமில்லை. பயம்தான் வந்தது. நாங்கள் யாரும் நினைக்காத எதையோ அவர் நினைத்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் கோபுரத்தை அடைந்தபோது காவலர் வாசலில் நின்று, சத்தம் போடாதே என்று கைகாட்டினார். நான் சுழல்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். தலை மட்டும் மேலே தெரிகிற படியில் நின்றுவிட்டேன்.

பெரியவர் கைப்பிடிச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தார். கால்கள் வெளிப்பக்கம் தொங்கின. வெள்ளைச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அக்கா அவர் பக்கத்தில் போகவில்லை. எதிர்ச்சுவரோரம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க அம்மணி," என்றார் பெரியவர், திரும்பாமலேயே. "எனக்கு எறங்க மனசில்ல."

"சரிங்கண்ணா. நானும் இப்பத்தான் ஏறுனேன். ஒடனே எறங்கச் சொன்னா எனக்கும் முடியாதுங்க."

பிறகு பெரியவர் சொன்னார். "நெறைய தடவ இங்க வந்திருக்கறனுங்க. அவளையும் கூட்டியாருவேன். அவளுக்கு முட்டி வலி. 'நீங்க போயிட்டு வாங்க, நான் கீழயே நிக்கறேன்'ம்பா. நானும் ஏறி வந்துருவேன். இந்தச் செவுத்துகிட்ட நின்னு ஊரப் பாத்துட்டு, மெல்லமாத்தான் எறங்குவேன். நிக்கறாளேன்னு ஒரு தடவகூட நெனச்சதில்லைங்க அம்மணி. ஒரு தடவகூட இல்ல. கடைசி வரைக்கும் முன்னாலயே நடந்துட்டேன்."

நம்மில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில், அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் என்று சொல்லியிருப்போம். அக்கா அதைச் சொல்லவில்லை.

"நீங்க எறங்கி வர்றப்ப நின்னுட்டு இருப்பாங்களா?"

"இருப்பா. எப்பவும் அதே எடத்துல."

"திட்டுவாங்களா?"

பெரியவர் யோசித்தார். "இல்ல. பாத்ததும் சிரிப்பா. 'என்ன தெரிஞ்சுது'ன்னு கேப்பா."

"அப்ப ஒண்ணு சொல்றேனுங்க," என்றார் அக்கா. "நான் நின்னு பாத்தவ. நெறைய நின்னிருக்கறேன். வர்றவிங்க வருவாங்கன்னு தெரிஞ்சுட்டா நிக்கறது ஒண்ணும் கஷ்டமில்லீங்கண்ணா. சித்தெ நேரத்துல அந்த வளைவுல தலை தெரியும் பாருங்க, அதுக்காகவே நிக்கலாம். அவிங்களுக்கு அது ஒவ்வொரு தடவையும் கெடச்சிருக்குது."

பெரியவரின் முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தது. அக்கா அதையும் தடுக்கவில்லை. அழுது ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. கீழே நகரத்தில் ஒவ்வொரு வீதியாக விளக்குகள் எரியத் தொடங்கின.

"அண்ணா," என்றார் அக்கா, கொஞ்ச நேரம் கழித்து. "எனக்கு ஒரு உதவி பண்ணோணும். வெசையா ஏறிட்டனா, இப்பக் காலு வெடவெடங்குது. அந்தப் படி வேற குறுகலா இருக்குது. தனியா எறங்கப் பயமா இருக்குதுங்க. கையப் புடிச்சு எறக்கி உடுங்க."

அவரை இறக்குவதற்கான தந்திரம் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு அக்காவின் கால்களைப் பார்த்தேன். உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. அவர் பொய் சொல்லவில்லை.

பெரியவர் அதைத் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார். அடுத்த காலையும் எடுத்து வைத்தார்.

அந்தச் சுழல்படியில் நான் முன்னால் இறங்கினேன். பின்னால் பெரியவரின் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. "மெல்ல, மெல்ல. இந்தப் படி ஒடஞ்சிருக்குது அம்மணி. சித்தெ நில்லுங்க. இப்ப வெய்யுங்க கால." கரட்டிலும் அப்படியே. வனக்காவலர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போக, பெரியவர் ஒவ்வொரு பாறையிலும் நின்று திரும்பிக் கை நீட்டினார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வேனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். பெங்களூர் பேருந்தைத் தவறவிட்ட செயலாளர்தான் முதலில் இறங்கினார். தன் துண்டை எடுத்துப் பெரியவர் தலையில் போட்டு, "ஈரமாயிட்டீங்களே" என்றார். முன்னிருக்கைக் கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு நடந்ததை எங்கள் அடுக்ககத்தில் யாரும் யாரிடமும் பேசிக்கொண்டதில்லை. பெரியவரின் மகளுக்கு மட்டும் அக்கா அன்றிரவே போன் செய்தார். மறுநாள் காலை சத்தியமங்கலத்திலிருந்து மகளும் மருமகனும் வந்துவிட்டார்கள். வரும்வரை அக்கா அவர் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். மாத்திரைகள் கொடுத்தார்கள். சில மாதங்கள் கழித்துப் பெரியவர் மறுபடி ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறத் தொடங்கினார். கரட்டுக்கு வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். அவர்தான் போக வேண்டும் என்றார். அதன் பிறகு பின்வரிசையில் மூன்று பேர் நடந்தோம். நான், அக்கா, பெரியவர். இப்போது அவர் சத்தியமங்கலத்தில் மகளோடு இருக்கிறார். பவானி ஆற்றோரம் பேரனைச் சைக்கிள் பழக்குவதாகச் சொன்னார்கள்.

நானும் ஒருநாள் கோபுரத்தின் மேல் வரை ஏறி, நின்று, ஊரைப் பார்த்தேன். அக்கா கூடவே ஏறி வந்தார். அந்த மழைநாளுக்குப் பிறகு அவருக்கு அது இரண்டாவது முறை. "அன்னைக்கு ஒண்ணும் பாக்கலீங் கண்ணு," என்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி ஒரு சிறுபிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தன பெருசா நம்மூரு?"

பிறகு அவருக்கும் முழங்கால் தேய்ந்தது. வேனை விற்றுவிட்டார். மகன் சிங்கப்பூருக்கு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சி, டிக்கெட்டும் எடுத்து அனுப்பினான். மகள் திருப்பூரிலிருந்து வந்து பெட்டி கட்டிக் கொடுத்தாள். எல்லோருமாகப் போய் பீளமேட்டு விமான நிலைய வாசலில் அவரை அனுப்பிவிட்டு வந்தோம். அவருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

நான் வீடு வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு கோபம். "எங்கம்மா ப்ளைட்ட உட்டுட்டாங்க்கா! உள்ள போயி, செக்கிங் எல்லாம் முடிச்சு, கேட்டு முன்னால உக்காந்துட்டு ப்ளைட்ட உட்டிருக்கறாங்க! மைக்குல அவங்க பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டாங்களாம். என்னன்னு நீங்களே கேளுங்க."

அக்காவைக் கூப்பிட்டேன். பின்னணியில் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலீங் கண்ணு. சோமனூர்க்காரம்மா ஒருத்தங்க. அரபு நாட்டுல மகளுக்குப் பிரசவமாமா. தனியாப் போறாங்க, இதுதான் முதல் தடவையாமா. எனக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவிங்களுக்கு திடீர்னு கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. மூச்சு முட்டுது, நான் போகல, திரும்பிப் போறேங்கறாங்க. என்ற கையப் புடிச்சவிங்க உடவே இல்ல. அங்க புள்ள இவிங்களுக்காகக் காத்துட்டுக் கெடக்குது. எப்படீங் கண்ணு எந்திரிச்சுப் போறது?"

"உங்க பேரக் கூப்பிட்டாங்களாமே?"

"கூப்புட்டாங்க. நல்லாத்தான் கேட்டுது. மவன் நாளைக்கு வேற டிக்கெட் போடறேன்னு திட்டிட்டே சொல்லிப்போட்டான்."

"அந்தம்மா என்ன ஆனாங்க?"

அக்காவின் குரலில் சிரிப்பு இருந்தது.

"ஏறிட்டாங்க கண்ணு. அந்தக் கண்ணாடிக் கதவத் தாண்டிப் போயி ஒருக்காத் திரும்பிப் பாத்தாங்க. நான் நின்னுட்டுத்தான் இருந்தேன்."